சகலை யுத்தம்

ஃப்ரிட்ஜுக்குச் சந்தனம் வைத்தாயிற்று. மிக்ஸிக்கு வைத்தாயிற்று. வாஷிங் மெஷினுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் வைத்துவிட்டு, குங்குமக் கிண்ணத்தோடு ஹாலுக்கு வந்த அம்சவேணி டிவியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

டிவி இருட்டாக இருந்தது.

மற்ற வீடுகளில் டிவி இருட்டாக இருந்தால் யாரும் பதறமாட்டார்கள். ரிமோட்டைத் தேடுவார்கள். டெல்லி ஆர்.கே.புரத்தில் இந்த ஒரு வீட்டு டிவி மட்டும் கோடை ஆரம்பத்திலிருந்து ஒரு நிமிஷம்கூட அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதில் சீரியல் ஓடவில்லை, செய்தி ஓடவில்லை. யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

அம்சவேணியின் கணவர் செல்வராஜ் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். அவரோடு வேலை பார்த்த ஒருவர் ரிட்டயராகி வீட்டைக் காலி செய்தபோது, "தூக்கிப் போட மனசு வரலை சார்" என்று ஒரு பழைய கம்ப்யூட்டரை இவர் தலையில் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். எண்பதுகளில் வந்த சாமான். கம்ப்யூட்டரும் கீபோர்டும் ஒரே கறுப்புப் பெட்டி. அதை டிவியில் மாட்ட வேண்டும். டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு விளையாட்டை உள்ளே ஏற்ற வேண்டும். கூடவே வந்தது ஒரே ஒரு கேசட், அதில் ஒரே ஒரு விளையாட்டு. கட்டம் கட்டமாக ஒரு தேசம், அதில் கோட்டைகள், குதிரைகள், சிவப்புச் சேனை ஒன்று, நீலச் சேனை ஒன்று. ஒருவர் யோசித்து யோசித்து ஒரு காயை நகர்த்திவிட்டு எழுந்துகொள்ள வேண்டும். பிறகு அடுத்தவர் வந்து உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சர்க்கார் ஃபைல் நகர்வதுபோல நகர்கிற யுத்தம்.

இதைச் செல்வராஜ் வேறு யாரோடு விளையாடியிருந்தாலும் வம்பில்லை. சகலையோடு விளையாடினார்.

சகலை கௌதமன், அம்சவேணியின் தங்கை சுஜாதாவின் கணவர். டெல்லியிலேயே துவாரகாவில் வீடு. உத்தியோகத்தில் செல்வராஜைவிடப் பெரியவர், வயதிலும் கொஞ்சம் மூத்தவர். ஆனால் அக்காவைக் கட்டியவர் செல்வராஜ் என்பதால் மாமனார் வீட்டில் மூத்த மாப்பிள்ளை அவர்தான். பந்தியில் முதல் இலை அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து கௌதமன் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை "அண்ணே" என்று கூப்பிட்டுவருகிறார்.

பந்தயமும் அதில்தான் வந்து நின்றது. கௌதமன் ஜெயித்தால், வருகிற தை மாதம் திருச்சியில் மைத்துனன் அருள்மணியின் கல்யாணத்தில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் செல்வராஜ் அவரை "அண்ணே" என்று கூப்பிட வேண்டும். செல்வராஜ் ஜெயித்தால் கௌதமன் ஆயுசு முழுக்கக் கூப்பிட வேண்டியதுதான், முணுமுணுக்கக்கூடாது.

இவ்வளவு பெரிய விவகாரத்தை அந்தப் பெட்டியில் பாதியில் பதிந்துவைக்கும் வசதி இல்லை. அது எப்போதோ கெட்டுப்போயிருந்தது. பெட்டியை அணைத்தால் யுத்தம் அத்தோடு போச்சு. அதனால் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிற கௌதமனுக்காகப் பெட்டியும் டிவியும் வாரம் முழுக்க எரிந்தன. கரண்ட் போனால் தாங்குவதற்கு இன்வெர்ட்டர் வந்தது. இன்வெர்ட்டர் வைக்க இடம் வேண்டுமென்று அம்சவேணியின் தையல் மெஷின் பால்கனிக்குப் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வைஷ்ணவியின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோதும் பின்னால் யுத்தம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்போதுதான் அம்சவேணி, கையில் இருந்த கேக் கத்தியை ஆட்டியபடி எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"என்னைக்காவது ஒருநாள் இந்த பிளக்கை நான் பிடுங்கிப் போடலை, என் பேரு அம்சவேணி இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். சுஜாதா அதை வீடியோ எடுத்துக் குடும்ப க்ரூப்பிலும் போட்டாள்.

அன்று ராத்திரியே செல்வராஜ் விசாகப்பட்டினத்துக்கு ஆடிட்டுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்சா, பிளக்கை மட்டும் தொட்டுறாத" என்றார்.

"தொடலை. யாருங்க ஜெயிக்கிறது?"

"இன்னும் ரெண்டே ஆட்டம். முடிஞ்சிரும்" என்று பெருமூச்சு விட்டார். ஜெயிக்கப்போகிறவருக்கு எவ்வளவு அடக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த பிளக் எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கீழே தரையில் மல்லாந்து கிடந்தது.

காலையில் துடைப்பதற்காக அதே போர்டிலிருந்து டேபிள் ஃபேனையும் இஸ்திரிப் பெட்டியையும் பிடுங்கியது அவள்தான். அந்த அவசரத்தில் இதையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறாள். வேறு எப்படி வெளியே வந்திருக்கும்?

தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். யார் நம்புவார்கள்? அவளே சத்தியம் செய்கிற வீடியோ திருச்சி, தஞ்சாவூர், துபாய் வரைக்கும் போயிருந்தது. அவள் வேலை பார்க்கும் வங்கியில், "அம்சவேணி மேடம் சொன்னா சரி" என்று மேனேஜர் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். அந்தப் பேர் சொந்த வீட்டில் ஒரு பிளக்கால் போகப்போகிறது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பிளக்கைச் சொருகினாள். திரையில் வெள்ளையாக ஒரு வெளிச்சமும் கீழே ஒரு வரி இங்கிலீஷும் வந்தன. கோட்டையையும் காணோம், குதிரையையும் காணோம்.

"வைஷு! எந்திரி, ஜல்தி!"

கல்லூரி லீவில் போர்வைக்குள் இருந்த வைஷ்ணவி தலையை மட்டும் நீட்டினாள். "க்யா ஹுவா மம்மி? பூஜா ஆயிடுச்சா?"

"பூஜை இருக்கட்டும்டி. அப்பாவோட யுத்தம் போயிருச்சு."

வைஷ்ணவி வந்து திரையைப் பார்த்தாள். பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். "யே தோ கயா. போயே போச்சு."

"அப்படிச் சொல்லாதடி. மறுபடி கேசட் போட்டு, அதே மாதிரி ஆக்கிரலாம்."

"ஹோ சக்தா ஹை, ஆக்கலாம். கேசட் கஹான்? அந்த ரூல்ஸ் புக் எங்க?"

அம்சவேணி பூஜை அலமாரியைப் பார்த்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய பொரிப் பொட்டலத்துக்குப் பின்னால், வைஷ்ணவியின் எகனாமிக்ஸ் புத்தகங்களோடு அந்த விளையாட்டுப் புத்தகமும் கேசட்டும் அடுக்கியிருந்தன. மேலே பட்டுத்துணி போர்த்தி, பூ வைத்திருந்தாள்.

"எடு மம்மி."

"இன்னைக்கு சரஸ்வதி பூஜை. புஸ்தகத்தைத் தொடக்கூடாது."

"ஆனா நீதானே வெச்சே?"

"வெச்சேன். வெச்சதை நாளைக்குக் காலைல மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும். சாமி குத்தம் வேற சேரணுமா?"

"எக்ஸாம்க்கு முன்னாடி மட்டும், 'பரவால்ல, படி'ன்னு சொன்னே!"

"அது வேற."

ஒரு நாள் முழுக்க வீணாகப் போனது. மறுநாள் விஜயதசமி. காலையில் மணியடித்து, சூடம் காட்டி, புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அம்சவேணி தன் ஐம்பதாவது வயதில் போர்க்கலைக்கு அட்சராப்பியாசம் செய்துகொண்டாள். வீட்டு வேலைக்கு வரும் வேலம்மாளும் வரவில்லை. மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியை இடித்த பிறகு நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவள் அவள். பூஜையன்று விடிகாலையில் வந்து பெருக்கித் துடைத்துவிட்டு, பொரியும் புடவையும் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வரைக்கும் லீவு சொல்லிவிட்டாள். சிங்க்கில் பாத்திரம் அப்படியே கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கேசட்டைப் போட்டதும் வீட்டில் ஒரு சத்தம் கிளம்பியது. ஈயப் பாத்திரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி, நிற்காமல் ஒரு கிறீச். சத்தத்தைக் குறைத்தால் பெட்டி ஏற்றுக்கொள்ளாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

கீழ்வீட்டு பல்லா ஆன்ட்டி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "அம்சாஜி, க்யா ஜல் ரஹா ஹை?"

எதுவும் எரியவில்லை என்று எப்படிப் புரியவைப்பது? அம்சவேணி வாயில் வந்ததைச் சொன்னாள். "பூஜா ஹை, ஆன்ட்டி. ஸ்பெஷல் பூஜா."

ஆன்ட்டி உடனே செருப்பைக் கழற்றிவிட்டு, டேப் ரிக்கார்டரைப் பார்த்துக் கைகூப்பினார். பிரசாதம் கேட்டார். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போனவர், சாயங்காலம் தன் சத்சங்கத்துப் பெண்மணிகள் நாலு பேரையும் மதராசி பூஜை பார்க்கக் கூட்டிவந்துவிட்டார். அவர்களுக்காக இன்னொரு முறை கேசட்டை ஓட்ட வேண்டியிருந்தது.

அவர்கள் போன பிறகு பார்த்தால், திரையில் புத்தம்புதுத் தேசம் வந்திருந்தது. ஆனால் எந்தச் சாவியை அழுத்தினாலும் ஒன்றும் அசையவில்லை. டேப் ரிக்கார்டருக்கு பெல்ட் மாற்றிக் கொடுத்த நேரு பிளேஸ் கடைக்காரருக்கு அம்சவேணி போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், ஏக் சால் சலியே, தப் ஆகே படேகா" என்றார்.

அம்சவேணி போனை வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வருஷம் ஆகுமாம்டி!"

"என்ன வருஷம்?"

"ஏக் சால்ங்கிறார். ஞாயித்துக்கெழமை அப்பா வந்துருவாரே!"

வைஷ்ணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மம்மி! அது சால் இல்ல, ச்சால்! ஒரு காய் நகத்து, அப்பறம் முன்னால போகும்னு சொல்றார்!"

டெல்லிக்கு வந்து இத்தனை காலமாகியும் அம்சவேணியின் காதுக்கு வருஷமும் சால்தான், காய் நகர்த்துவதும் சால்தான். அவள் ஒரு காயை நகர்த்தினாள். தேசம் அசைந்தது.

இனி, போன ஞாயிற்றுக்கிழமை எது எது எங்கே எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். சுஜாதா எடுத்த வீடியோவில் அவள் முகமும் கத்தியும் மட்டும்தான். மிஞ்சிய ஒரே சாட்சி பிறந்தநாள் போட்டோ. கேக், வைஷ்ணவி, அவர்களுக்குப் பின்னால் டிவி. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது, ஒரு மூலையைத் தவிர. அந்த மூலையை மறைத்துக்கொண்டு கௌதமனின் தலை இருந்தது. நல்ல அகலமான தலை.

தங்கைக்குப் போன் போட்டாள். "சுஜா, அன்னைக்கு எடுத்த போட்டோ எல்லாம் அனுப்புடி."

"எதுக்குக்கா?"

"சும்மா... இவருக்கு ஒரு ஆல்பம் போடலாம்னு. பொறந்தநாள் வருதுல்ல."

"மாமாவுக்கு மாசி மாசம்ல பொறந்தநாள்?"

"நட்சத்திரப்படி இப்பதான்."

"நட்சத்திரம் அஞ்சு மாசம் முன்னாடியா வரும்?"

"இந்த வருஷம் வருதுடி. அனுப்புன்னா அனுப்பேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான், ஒன்றோடு நிற்காது. சுஜாதா போட்டோக்களை அனுப்பினாள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் கௌதமனின் தலை இருந்தது. மனிதர் சாயங்காலம் முழுக்க நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை போல. சுஜாதா அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் பிறந்தநாள் என்று க்ரூப்பிலும் போட்டுவிட்டாள். ராத்திரிக்குள் முப்பது பேர் பூங்கொத்து அனுப்பியிருந்தார்கள். துபாய்ச் சித்தப்பா ஒரு வாழ்த்துப் பாட்டே பாடி அனுப்பினார்.

மறுநாள் செல்வராஜ் கூப்பிட்டார். "அம்சா, எல்லாரும் எதுக்கு எனக்கு ஹேப்பி பர்த்டே சொல்றாங்க?"

"பாசந்தாங்க."

"புரட்டாசியிலயா?" கொஞ்சம் நிறுத்தினார். "சரி... வீட்ல வேற ஒண்ணும் விசேஷம் இல்லையே? பூஜை நல்லபடியா ஆச்சா? எல்லாத்தையும் தொடச்சு, பொட்டு வெச்சு?"

"ஆச்சுங்க."

"டிவி?"

டிவியில் அந்த நிமிஷம் கேசட் மூன்றாவது தடவையாக ஏறிக்கொண்டிருந்தது. அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டாள். "எரியுதுங்க."

"எரியுதா?"

"ஜம்முனு எரியுது."

"நல்லாப் பாத்துச் சொல்லு. எரியுதா?"

"நான் பாத்துக்கிறேங்க. நீங்க கவலைப்படாதீங்க."

அந்தப் பக்கமிருந்து, "சரி, வை" என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. இந்த ஆட்டத்தின் மேல் மனுஷனுக்கு எவ்வளவு உயிர் என்று அம்சவேணி உருகினாள். எப்படியாவது அதை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். வங்கிக்கு லீவு சொன்னாள்.

தாயும் மகளும் எதிரெதிராக உட்கார்ந்து யுத்தம் தொடங்கினார்கள். உலகத்தில் இப்படி ஒரு யுத்தம் நடந்திருக்காது. இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்டு, போட்டோவைப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொடுத்தன.

"வைஷு, உன் ஆத்தங்கரைக் கோட்டை எனக்கு வேணும்."

"எடுத்துக்கோ. நான் பின்னால போறேன்."

"முழுசா போகாத. ஒரு குதிரை சாகணும். போட்டோல அது இல்ல."

"டீக் ஹை, நீ என்னை அடி. நான் அடி சாப்பிடறேன்."

"அடி வாங்குறேன்னு சொல்லுடி. சாப்பிடறேன்னு யாராவது சொல்லுவாங்களா?"

ஆனால் சண்டையில் யார் பிழைப்பது என்பதைப் பெட்டி தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்தது. சாகவேண்டிய நீலக் குதிரை சாகாமல், சிவப்புத் தளபதியைக் கொன்றுபோட்டது. சிவப்புத் தளபதி போட்டோவில் உயிரோடு இருந்தார். வேறு வழியில்லை, அணைத்துவிட்டு மறுபடி கேசட். கீழே பல்லா ஆன்ட்டி வீட்டிலிருந்து "ஜெய் மாதா தீ" என்று குரல் வந்தது.

அடுத்த தடவை தளபதி பிழைத்தார், பாலம் போயிற்று. அதற்கடுத்த தடவை எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது வைஷ்ணவி தும்மி, தப்பான சாவியை அழுத்தி, தன் ராஜாவைக் கடலில் இறக்கிவிட்டாள். அம்சவேணி அவளை ஒரு நேரம் பட்டினி போடுவதாக மிரட்டினாள்.

வங்கியில் கணக்கு ஒட்டவில்லை என்றால் ஒட்டும்வரை எழுந்திருக்காத பிடிவாதம் அம்சவேணிக்கு உண்டு. சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு, கட்டத்துக்குக் கட்டம் போட்டோவும் திரையும் ஒன்றாகிவிட்டன. கௌதமன் தலை மறைத்த மூலையை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. காலியாகவே விட்டுவிட்டார்கள்.

வைஷ்ணவி சோபாவில் சாய்ந்து திரையைப் பார்த்தாள். தேசம் முழுக்கச் சிவப்பு. கீழ்க்கோடியில் ஒரே ஒரு நீலக் கோட்டை, அதன் வாசலில் நொந்துபோன ஒரு குதிரை. "மம்மி, அப்பாவோட கலர் எது?"

"சிவப்புதான். பாத்தா தெரியலை? ரெண்டே ஆட்டத்துல முடிஞ்சிரும்னு சொல்லிட்டுப் போயிருக்கார்" என்று அம்சவேணி பெருமையோடு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வராஜ் வந்தார். கதவைத் திறந்ததும், சூட்கேஸைக்கூடக் கீழே வைக்காமல் டிவியையே பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்படியே இருக்கு" என்றார்.

"உங்களுக்காகக் கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டேங்க."

"தண்ணி கொடு" என்று உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் அம்சவேணிக்கு மறந்துபோயிற்று.

நாலு மணிக்கு கௌதமனும் சுஜாதாவும் கேக்கோடு வந்து இறங்கினார்கள். செல்வராஜ், தனக்கு இல்லாத பிறந்தநாளுக்கு, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற முகத்தோடு கேக் வெட்டினார். கௌதமன் வாயைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் முறைதானே அண்ணே?" என்று சிவப்புத் தளபதியை ஒரு கட்டம் நகர்த்தினார்.

அம்சவேணி பதறிவிட்டாள். "அது இவரு சேனையாச்சே! அதை ஏன் நீங்க நகத்துறீங்க?"

"இல்ல அண்ணி. நான்தான் சிவப்பு. அண்ணன் நீலம்."

அம்சவேணி திரையைப் பார்த்தாள். கீழ்க்கோடியில் அந்த ஒற்றைக் கோட்டை. வாசலில் அந்த ஒற்றைக் குதிரை. ஜெயிக்கிற மனுஷனுக்கு இவ்வளவுதானா சேனை? அப்படியானால் மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? பளிச்சென்று புரிந்தது. அந்த மூலை! அதில்தான் இருந்திருக்கிறது. அதைத்தான் அவள் காலியாக விட்டுவிட்டாள்.

"ஐயோ, உங்க சேனை முழுக்க இவர் தலைக்குப் பின்னாலல்ல இருந்திருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கௌதமன் திரும்பித் தன் பின்னந்தலையைத் தடவிப் பார்த்தார். "என் தலைக்குப் பின்னாலயா?"

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பூஜையன்று பிளக் கிடந்தது, போட்டோ, கேசட், பொய்ப் பிறந்தநாள், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது.

"சத்தியமா வேணும்னு பிடுங்கலைங்க. தெரியாமத்தான்..."

சுஜாதா, "இல்லக்கா, அன்னைக்கு நீ கத்தியை ஆட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. ஒருத்தரும் நம்பவில்லை என்று அம்சவேணிக்குத் தெரிந்துவிட்டது.

செல்வராஜ் மெல்ல நிமிர்ந்தார். மத்தியானத்திலிருந்து வாடியிருந்த முகத்தில் ரத்தம் ஏறியது.

"அதானே பாத்தேன்! என் குதிரை எல்லாம் எங்கன்னு வந்ததுலேர்ந்து தேடுறேன். அந்த மூலைலதான் இருந்துச்சு. அவ்வளவு சேனையும்!"

"அங்கயா?" கௌதமன் நெற்றியைச் சுருக்கினார். "எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே அண்ணே."

"உங்க தலை மறைச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்? இது பழைய ஆட்டமே இல்ல. இது ஏதோ அம்மாவும் பொண்ணும் சொப்பு வெச்சு விளையாடினது. இந்த ஆட்டம் செல்லாது!"

கௌதமன் தளபதியைப் பார்த்தார், அழுகிற அண்ணியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரிங்கண்ணே. செல்லாதுன்னா செல்லாது."

அந்த "அண்ணே"யைக் கேட்டதும் செல்வராஜுக்கு மனசு நிறைந்துவிட்டது. எழுந்து அம்சவேணியிடம் வந்தார்.

"ஆறு மாச உழைப்பு, அம்சா. ஒரு பிளக்கைப் பாத்துக்கச் சொன்னேன், அது முடியலை உன்னால. கோவத்துல பண்ணினியோ, தெரியாம பண்ணினியோ, நான் கேக்கமாட்டேன்." எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

அம்சவேணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெருந்தன்மையைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். சுஜாதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமா மாதிரி வருமா?" என்றாள்.

லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்திருந்த வேலம்மாள், டீத் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். ஆளுக்கொரு கிளாஸாகக் கொடுத்துக்கொண்டே வந்தவள் டிவியைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள்.

"என்னா ஸார் இது, மறுபடியும் எரியுது? பூஜை அன்னிக்கு அம்மா அசந்த நேரமாப் பார்த்துப் புடுங்கிப் போட்டுருன்னு சொல்லிட்டுப் போனீங்க, நானும் கரெக்டா புடுங்கிட்டுத்தானே போனேன், யாரு ஸார் மாட்டுனது?"